துளை சிறியது; அறுவை சிகிச்சை சிறியதல்ல

டெங்கிலில் நடந்த தொலைக்காட்சி மருத்துவக் கருத்தரங்கில் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



நான் இந்த மண்டபத்திற்குள் வரும்போதே முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர், இப்பல்லாம் கத்தியே வைக்காம ஆபரேஷன் பண்றாங்களாமே, உண்மையா?" என்று கேட்டார். "கத்தி உண்டும்மா, ஆனா சின்னக் கத்தி" என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால், அந்தக் கேள்விக்குள் நம் மக்களிடம் உள்ள இரண்டு எண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆபரேஷன் என்றாலே வயிற்றைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். மற்றொன்று, துளை போட்டுச் செய்வதென்றால் அது ஒன்றுமே இல்லை, காலையில் போய் மாலையில் வேலைக்கு வந்துவிடலாம் என்ற நினைப்பு. முதல் எண்ணத்தால் நோயாளி தாமதமாக வருகிறார். இரண்டாவது எண்ணத்தால் வீட்டுக்குப் போன பிறகு ஆபத்தைத் தேடிக்கொள்கிறார். இவ்விரண்டையும் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இங்கே தாமான் பெர்மாத்தாவிலிருந்து பலர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். பிராங் பெசார், செட்ஜ்லி, கெலோவே, மேடிங்லி என்று நான்கு தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் நீங்கள். நீங்கள் பால் வெட்டிய பிராங் பெசார் மண்ணில் இன்று புத்ராஜெயா நகரம் நிற்கிறது, அங்கே ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஆகவே, பால்மரத்தை வைத்தே தொடங்குகிறேன். பால் வெட்டுபவருக்குத் தெரியும், பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். வெட்டு சிறியதாக இருக்கலாம், ஆனால் கத்தி எவ்வளவு ஆழம் போகிறது என்பதில்தான் மரத்தின் உயிர் இருக்கிறது. துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சையும் அப்படித்தான். வெளியே தெரியும் காயம் வேறு, உள்ளே நடக்கும் வேலை வேறு.

துளைக்குள் என்ன நடக்கிறது?

பித்தப்பைக் கல்லை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வயிற்றில் துளை வழியாகச் செய்யும் சிகிச்சைகளில் அதிகமாகச் செய்யப்படுபவற்றுள் இதுவும் ஒன்று. இதை லேப்ராஸ்கோப்பி என்று சொல்கிறோம்.

முதலில் நோயாளிக்கு முழு மயக்க மருந்து கொடுக்கப்படும். இதைக் கவனிக்க வேண்டும். துளை சிறியது என்பதால் மயக்க மருந்து பாதியாகிவிடாது. பிறகு தொப்புள் அருகே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு துளை. அதன் வழியாகக் கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை ஒரு கூடாரம் போல் உயர்த்துகிறோம். அப்போதுதான் குடலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையே வேலை செய்ய இடம் கிடைக்கும். ஏன் கரியமில வாயு? அது தீப்பற்றாது. இரத்தத்தில் விரைவாகக் கரைந்து மூச்சு வழியே வெளியேறிவிடும்.

அதே துளையில் ஒரு கேமரா உள்ளே போகும். மேலும் இரண்டு மூன்று சிறு துளைகளில் நீண்ட கருவிகள் போகும். டாக்டர் வயிற்றைப் பார்ப்பதில்லை, எதிரே உள்ள திரையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார். பித்தப்பைக்குப் போகும் குழாயையும் இரத்தக் குழாயையும் கிளிப் போட்டு வெட்டி, பையைக் கல்லீரலிலிருந்து பிரித்து, துளை வழியே வெளியே எடுக்கிறார். கல்லை மட்டும் எடுத்துவிட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. பையை விட்டுவைத்தால் அதில் மறுபடியும் கல் உருவாகும். பை இல்லாமல் வாழ முடியுமா? தாராளமாக முடியும். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை அதைச் சேர்த்துவைக்கும் இடம் மட்டுமே. சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகிப் போகும், பிறகு சரியாகிவிடும்.

பழைய முறையில் வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் நீளத்திற்கு வெட்டுவார்கள். நோயாளி பல நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார், வேலைக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். துளை வழியில் பெரும்பாலோர் மறுநாளே வீடு திரும்புகிறார்கள், ஒன்று இரண்டு வாரத்தில் இலகுவான வேலைகளைச் செய்கிறார்கள். வலி குறைவு, காயத்தில் சீழ் வைப்பது குறைவு, பின்னாளில் தையல் போட்ட இடம் பிதுங்கி ஹெர்னியா வருவதும் குறைவு. குடல்வால், ஹெர்னியா, கருப்பைக் கட்டி, சினைப்பைக் கட்டி எனப் பலவற்றுக்கும் இன்று இந்த வழி உண்டு.

ரோபோட் ஆபரேஷன் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரோபோட் தானாக ஒன்றும் செய்வதில்லை. டாக்டர் உட்கார்ந்து இயக்க, அதன் கைகள் அசைகின்றன. ஆபரேஷன் செய்பவர் டாக்டர்தான்.

கேலிக்கு ஆளான கண்டுபிடிப்பு

இந்த முறை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1901ல் ஜெர்மனியில் கெல்லிங் என்ற டாக்டர் ஒரு நாயின் வயிற்றைக் குழாய் வழியாகப் பார்த்தார். 1910ல் சுவீடன் நாட்டு டாக்டர் யாக்கோபேயுஸ் மனிதரின் வயிற்றை அப்படிப் பார்த்ததைப் பதிவு செய்தார். பார்ப்பதோடு பல ஆண்டுகள் நின்றுவிட்டது. 1980ல் கீல் நகரத்தில் கர்ட் செம் என்ற மகப்பேறு மருத்துவர் குடல்வாலைத் துளை வழியாக எடுத்தபோது, சக டாக்டர்களே அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1985 செப்டம்பரில் எரிக் மியூஹே என்பவர் பித்தப்பையை அப்படி எடுத்தார். மறு ஆண்டு ஜெர்மனி அறுவை மருத்துவர் சங்கத்தில் அதை விளக்கியபோது அவரை யாரும் மதிக்கவில்லை. 1992ல்தான் அதே சங்கம் அவரைக் கௌரவித்தது. 1987ல் பிரான்சில் பிலிப் மூரே செய்த பிறகு, முறை உலகமெங்கும் பரவியது. 1990ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் உத்வாடியா இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை ஆபரேஷனைச் செய்தார்.

நமக்கு நெருக்கமான ஒருவரையும் சொல்லியாக வேண்டும். கோயம்புத்தூர் ஜெம் ஆஸ்பத்திரியை நிறுவிய டாக்டர் சி. பழனிவேலு, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக்கூட துளை வழியாக ஆபரேஷன் செய்து உலகம் அறிந்தவர். அவர் இளமையில் வறுமையால் குடும்பத்தோடு மலேசியாவுக்கு வந்து தோட்டத்தில் உடலுழைப்பு செய்தவர். பிறகு தமிழ்நாடு திரும்பிப் படித்து டாக்டரானார். தோட்டத்து வாழ்க்கைக்கும் இந்தத் துறைக்கும் தூரம் அதிகம் என்று நம் பிள்ளைகள் நினைக்க வேண்டாம்.

நான் சொல்லத் தவறியது

இப்போது என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. நோயாளியின் அடையாளத்தை மாற்றியே சொல்கிறேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. துப்புரவு வேலை. எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும், முதுகுக்கும் தோளுக்கும் பரவும். இரண்டு ஆண்டுகளாக அதை "கேஸ்" என்று நினைத்து, கடையில் வாங்கிய மருந்தையும் ஓமத் தண்ணீரையும் குடித்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பித்தப்பை நிறையக் கல். "நாலு சின்ன ஓட்டைதான்மா, மறுநாள் வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லித் தேதி கொடுத்தேன். அவர் அந்தத் தேதிக்கு வரவில்லை. அடுத்த தேதிக்கும் வரவில்லை. மகள் திருமணம், பிறகு தீபாவளி என்று தள்ளிப் போனது.

ஒரு நாள் நடு இரவில் காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்குக் கொண்டு வந்தார்கள். பித்தப்பை வீங்கி, சீழ் கட்டி, குடல் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. துளை வழியாகத்தான் தொடங்கினேன். ஆனால் எது பித்தக் குழாய், எது இரத்தக் குழாய் என்று தெளிவாகத் தெரியவில்லை. தெரியாமல் வெட்டக்கூடாது. ஆகவே, வயிற்றைத் திறந்து ஆபரேஷனை முடித்தேன். அவர் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் மகன் கோபத்தோடு வந்தார். "டாக்டர், நாலு ஓட்டைன்னுதானே சொன்னீங்க? அப்புறம் ஏன் அம்மா வயித்தைக் கிழிச்சீங்க? எங்க தப்பு நடந்துச்சு?" என்று கேட்டார்.

ஆபரேஷனில் தவறு நடக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பு நடந்திருந்தது. "தேவைப்பட்டால் திறக்க வேண்டி வரும்" என்ற ஒரு வாக்கியத்தை நான் அவர்களிடம் சரியாகச் சொல்லவில்லை. சம்மதப் பாரத்தில் அது இருந்தது. பாரம் மலாய் மொழியில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார், நானும் வாங்கிக்கொண்டேன். இருவருமே அதைப் பேசவில்லை. அந்த மகனிடம் அதை ஒப்புக்கொண்டேன். அன்று முதல் எந்த நோயாளியிடமும் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லாமல் நான் கத்தியைத் தொடுவதில்லை.

இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். துளை வழியில் தொடங்கிய பித்தப்பை ஆபரேஷன்களில் நூற்றில் சுமார் ஐந்து, திறந்த ஆபரேஷனாக மாற வேண்டி வரும். வீக்கமும் சீழும் இருந்தால் இது கூடும். அப்படி மாற்றுவது தோல்வி அல்ல. நோயாளியின் உயிரைக் காக்க டாக்டர் எடுக்கும் முடிவு. இதற்குக் காரணம் உண்டு. இந்த ஆபரேஷனில் நாங்கள் மிகவும் அஞ்சுவது, கல்லீரலிலிருந்து வரும் முதன்மைப் பித்தக் குழாய் தவறுதலாகக் காயப்படுவதைத்தான். ஆயிரம் பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு அது நேரலாம். எண்ணிக்கை சிறியது, ஆனால் நேர்ந்தவருக்கு மறுபடியும் பெரிய ஆபரேஷன் தேவைப்படலாம். தெளிவாகத் தெரியாதபோது நின்று, வேறு பாதுகாப்பான வழிக்கு மாறும் டாக்டரே நல்ல டாக்டர்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

கல் இருக்கிறது என்று சொன்ன எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. வேறு காரணத்திற்காக ஸ்கேன் எடுத்தபோது தெரியவந்த, எந்தத் தொல்லையும் தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். வலி தொடங்கிவிட்டால் கதை வேறு. வலி வந்தவருக்கு மறுபடியும் வரும். கல் நகர்ந்து குழாயை அடைத்தால் மஞ்சள் காமாலை வரும், கணையம் வீங்கும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். அதற்கு முன், உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்துகொள்வதுதான் அந்த நான்கு சின்னத் துளைகளோடு முடிய நல்ல வழி.

நம் சமூகத்திற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் நூறு பேரில் ஏறக்குறைய 31 பேருக்கு நீரிழிவு. மற்ற இனங்களைவிட இது அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் சின்னத் துளையும் ஆறாது, உள்ளே கிருமித் தொற்றும் எளிதில் வரும். நீரிழிவு உள்ளவருக்குப் பித்தப்பை அழுகும் அளவுக்கு வீங்கினாலும் சில நேரம் வலி அவ்வளவாகத் தெரியாது. ஆகவே, ஆபரேஷன் தேதி கிடைத்த நாளிலிருந்தே சர்க்கரையைக் கவனியுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்

சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். நாட்டு மருந்து, மூலிகை மாத்திரை, கேப்ஸ்யூல் எல்லாம் அதில் இருக்கட்டும். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்றவற்றை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அப்படி நிறுத்தினால் மாரடைப்பே வரலாம்.

திட உணவை ஆறு மணி நேரத்திற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். "பசியோடு படுக்க வைக்கிறார்களே" என்று பாவப்பட்டு யாரும் இட்லி ஊட்டிவிட வேண்டாம். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் பெரும் ஆபத்து. புகைப்பவர்கள் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தினால் நல்லது.

டாக்டரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எனக்கு இந்த ஆபரேஷன் ஏன் தேவை? செய்யாவிட்டால் என்ன ஆகும்? திறக்க வேண்டி வருமா? வீட்டுக்குப் போன பிறகு எதைக் கண்டால் திரும்பி வர வேண்டும்? மொழி தடையாக இருந்தால் பிள்ளைகளில் ஒருவரை அழைத்து வாருங்கள். புரியாத பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், திறந்த ஆபரேஷனாக மாறினால் செலவு எவ்வளவு கூடும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆபரேஷனுக்குப் பின்

கண் விழித்ததும் பலர், "வயித்துலதானே ஆபரேஷன், தோள்பட்டை ஏன் வலிக்குது?" என்று பயப்படுகிறார்கள். உள்ளே மிஞ்சிய வாயு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள தசையை உறுத்துகிறது. அதன் நரம்பு தோளில் வலியைக் காட்டுகிறது. ஓரிரு நாளில் போய்விடும். அன்றைக்கே மெதுவாக எழுந்து நடப்பது நல்லது. கால் நரம்பில் இரத்தம் கட்டாமல் இருக்கவும் நடை உதவும்.

காயத்தில் மஞ்சளோ, விபூதியோ, தைலமோ தடவாதீர்கள். டாக்டர் சொன்ன நாள்வரை சுத்தமாக வைத்திருந்தால் போதும். முட்டையும் கோழியும் சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று பத்தியம் போட வேண்டாம். காயம் ஆறப் புரதம் வேண்டும். விரால் மீன் சூப் வைத்துக் கொடுக்கிறார்களா, தாராளமாகக் குடியுங்கள். எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். ஒரு குலை 15 கிலோ, 20 கிலோ இருக்கும். தோல் காயம் ஒரு வாரத்தில் மூடிவிடும். உள்ளே உள்ள தசையும் சவ்வும் உறுதிப்பட நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் பாரம் தூக்கினால் தொப்புள் அருகே ஹெர்னியா பிதுங்கலாம். வெளியே காயம் தெரியவில்லை என்பதால் முதலாளியும் நம்பமாட்டார், சில வேளைகளில் வீட்டில் உள்ளவர்களும் நம்பமாட்டார்கள். எம்சியில் "பாரம் தூக்கக்கூடாது" என்று எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

இனி, மிக முக்கியமானது. துளை வழி ஆபரேஷனில் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட நன்றாக இருக்க வேண்டும். அப்படியில்லாமல் வலி கூடினால், வயிறு உப்பினால், காய்ச்சல் வந்தால், வாந்தி நிற்காவிட்டால், கண் மஞ்சளானால், சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால், ஒரு கால் வீங்கினால், மூச்சு முட்டினால், அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். "சின்ன ஓட்டைதானே, சரியாயிடும்" என்று மூன்று நாள் வீட்டில் படுத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பித்தநீர் உள்ளே கசிந்துகொண்டிருந்தால் அந்த மூன்று நாள் மிகப் பெரிய நாட்கள்.

சம்பளமும் சட்டமும்

முன்பு சொன்ன அந்த அம்மா, தேறி வீட்டுக்குப் போகும் நாளில் என்னிடம் ஒன்று சொன்னார். "நான் கத்திக்குப் பயப்படல டாக்டர். ஒரு மாசம் படுத்துட்டா சம்பளம் போயிடுமேன்னுதான் வரல." அவர் தேதி தவறியதற்கான காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது. திருமணமும் தீபாவளியும் வெளியில் சொன்ன காரணங்கள்.

ஆகவே, இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, தொழிலாளிக்குச் சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியிருந்தால் 60 நாள் வரை உண்டு. 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்திற்குப் பிறகு, இந்த 60 நாள் அந்த 14, 18, 22 நாட்களோடு சேர்த்துக் கழிக்கப்படுவதில்லை, அது தனி. மருத்துவ விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவித்துவிடுங்கள். கொடுக்க மறுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

இந்த வட்டார மக்களுக்கு ஆஸ்பத்திரியும் தூரமில்லை. டெங்கில் சுகாதார கிளினிக்கில் காட்டி, தேவையென்றால் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். புத்ராஜெயா இருக்கிறது, செர்டாங் இருக்கிறது, 2022ல் செயல்படத் தொடங்கிய சைபர்ஜெயா ஆஸ்பத்திரியும் இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் தேதிக்குக் காத்திருக்க நேரலாம். அதனால்தான் சொல்கிறேன், கிடைத்த தேதியைத் தவற விடாதீர்கள். வர முடியவில்லையென்றால் முன்கூட்டியே போன் செய்து சொல்லுங்கள். அந்த இடம் இன்னொருவருக்காவது பயன்படும்.

அன்பர்களே, அந்த அம்மாவின் வயிற்றில் இன்று ஒரு நீண்ட தழும்பு இருக்கிறது. அவர் கொஞ்சம் முன்பே வந்திருந்தால், நான்கு புள்ளிகளோடு முடிந்திருக்க வாய்ப்பு இருந்தது. இங்கே அமர்ந்திருப்பவர்களில் யாருக்காவது அந்த வலது விலா வலி இருந்தால், இந்த வாரமே கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். போன இடத்தில் தயங்காமல் கேள்வி கேளுங்கள்.